கடன் வாங்கி வியாபாரம் கற்கும் மாணவர்கள்

வர்த்தகப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய வாலிபர் ஒருவரை நேயர்கள் மனத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும். இரட்டைப் பதிவுக் கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஐந்தொகை எடுப்பதிலும், வட்டிக் கணக்கிலும், கம்பெனிச் சட்டத்திலும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் பதினாயிரம் ரூபாயைக் கொடுத்து, "இதைக்கொண்டு ஏதேனும் ஒரு சரக்கை வாங்கி விற்று, மூன்று மாதத்தில் முதலையும் வட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீரே எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் அந்தப் பணத்தை மேஜைமீது வைத்துவிட்டு, சம்பள உத்தியோகம் எங்கேனும் காலியிருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குவார்.

இது அவருடைய குற்றமன்று. அவர் படித்த மூன்று வருஷங்களில் ஒரு நாளாவது அவர் கையில் பிறர் பணத்தைப் பொறுப்போடு ஒப்படைத்தவர் எவரும் இல்லை. நஷ்டம் என்ற சொல்லை அவர் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறார். அதை நெஞ்சில் உணர்ந்ததில்லை. சரக்கு விலை போகாமல் தேங்குவதையும், கொடுக்கல் வாங்கலில் வாக்குத் தவறுவதையும், விலை இறங்கும்போது விற்பதா காத்திருப்பதா என்று திகைப்பதையும் எந்தப் புத்தகமும் அவருக்குக் காட்டியதில்லை.

இந்தக் குறையை நீக்குவதற்காகவே ஒரு சர்வகலாசாலை தன் மாணவர்களுக்குக் கடன் கொடுத்து, வட்டி வாங்கி, வியாபாரம் செய்யச் சொல்கிறது. அது மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்னும் சிறு தேசத்தில் இருக்கிறது. அங்கே அது ஏன் தோன்றியது என்பதை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும்.

வாழைப்பழத்தின் சரித்திரம்

கோஸ்டா ரிக்கா 1821-ம் வருஷத்தில் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபட்ட தேசம். 1948-ம் வருஷத்தில் தன் ராணுவத்தையே கலைத்துவிட்ட தேசம். அரசியல் சுதந்திரத்தில் அதற்குக் குறையில்லை. ஆனால் அதன் கிழக்குக் கடற்கரையிலுள்ள லிமோன் மாகாணத்தின் பொருளாதார சரித்திரம் வேறு விதமாக நடந்தது.

மலைமேலுள்ள தலைநகராகிய சான் ஹோசேயிலிருந்து அந்தக் கடற்கரைக்கு ரயில் பாதை போடும் வேலை 1871-ம் வருஷத்தில் தொடங்கி 1890-ம் வருஷத்தில் முடிந்தது. காட்டிலும் சதுப்பிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டார்கள். வேலையை முடித்துவைத்தவர் மைனர் கீத் என்னும் அமெரிக்கர். பாதையோரத்தில் அவர் வாழை பயிரிட்டார். தேசத்தின் கடன் சிக்கலைத் தீர்க்க அவர் உதவியதற்கு ஈடாக, 1884-ம் வருஷத்து ஒப்பந்தப்படி அவருக்கு 8 லட்சம் ஏக்கர் நிலமும், 99 வருஷத்துக்கு ரயில் பாதையின் குத்தகையும் கிடைத்தன. 1899-ம் வருஷத்தில் யுனைடெட் புரூட் கம்பெனி பிறந்தது. தோட்டம், ரயில், கப்பல், அக்கரையில் விற்பனை ஆகிய நான்கும் ஒரே கையில் சேர்ந்தன.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு வாழைக் குலையைப் பதம் பார்த்து வெட்டத் தெரியும். காயத்தில் அடிபடாமல் சுமக்கத் தெரியும். அந்தக் குலை கப்பலேறியபின் எங்கே போகிறது, அங்கே என்ன விலைக்கு விற்கிறது, அந்த விலையில் எத்தனை பங்கு யாருக்குச் சேருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று கம்பெனி நினைத்ததுமில்லை. 1934-ம் வருஷத்தில் சுமார் பதினாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கார்லோஸ் லூயிஸ் பாயாஸ் என்னும் தொழிலாளியான எழுத்தாளர் அதன் தலைவர்களில் ஒருவர். கூலி உயர்வும், வைத்திய வசதியும், கூலியைச் சீட்டாகத் தராமல் ரொக்கமாகத் தருவதும் அவர்கள் கேட்டவை. அவை நியாயமான கோரிக்கைகள்.

ஆனால் அதே பத்தாண்டின் பிற்பகுதியில், வாழையை வாட்டும் நோய் மண்ணில் பரவியபோது, கம்பெனி மேற்குக் கடற்கரைக்குப் பெயர்ந்துவிட்டது. பின்னால் நின்ற ஜனங்களிடம் நிலமும் இருந்தது, உழைப்பும் இருந்தது. வாங்குவோரைத் தேடிப் பிடிக்கும் அறிவும், கப்பலில் இடம் பேசும் அறிவும், கடனுக்குப் பணம் புரட்டும் அறிவும் கம்பெனியோடு போய்விட்டன. விளைவிக்கத் தெரிந்தவர்கள் விற்கத் தெரியாதவர்களாக வைக்கப்பட்டிருந்ததன் பலன் அன்று வெளிப்பட்டது.

குவாசிமோவில் ஒரு கலாசாலை

அந்த லிமோன் மாகாணத்திலேயே, குவாசிமோ என்னும் ஊரில், எர்த் சர்வகலாசாலை அமைந்திருக்கிறது. ஈரமான வெப்ப மண்டலத்தின் விவசாயக் கலாசாலை என்று பொருள்படும் ஸ்பானிய மொழிப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்ததே 'எர்த்' என்பது. ஆங்கிலத்தில் அதற்குப் பூமி என்றும் பொருளாவது பொருத்தமே. 1986-ம் வருஷத்தில் கோஸ்டா ரிக்காவின் சட்டசபை அதற்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்க அரசாங்கத்தின் உதவி ஸ்தாபனமும், கெல்லாக் தர்ம ஸ்தாபனமும் பொருள் அளித்தன. 1990-ம் வருஷத்தில் முதல் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹோஸே சாக்லுல் என்பவர் முதல் தலைவராகி நெடுங்காலம் அதை நடத்தினார்.

இலாப நோக்கமற்ற இந்தத் தனியார் கலாசாலைக்கு மூவாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் உண்டு. அதில் வயலும், வாழைத் தோட்டமும், பாதுகாக்கப்பட்ட காடும் அடக்கம். மாணவர்களின் தொகை சில நூறுதான். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். பலர் கிராமத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் உபகாரச் சம்பளத்தில் படிப்பவர்கள். நான்கு வருஷப் படிப்பின் முடிவில் கிடைப்பது விவசாயப் பட்டம். உழவும், மண் சாஸ்திரமும், கால்நடை வளர்ப்பும் கற்பதோடு நில்லாமல், வாரந்தோறும் வயலில் வேலை செய்வதும் பாடத்தின் பகுதியாகும்.

இதுவரையில் மற்ற விவசாயக் கலாசாலைகளிலிருந்து பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வித்தியாசம் இனிமேல்தான் வருகிறது.

கடனும் கணக்கும்

முதல் வருஷத்திலேயே மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒரு தொழிலைத் தொடங்க வேண்டும். ஒரே தேசத்தவர் ஒன்றாகக் கூடிக்கொள்ளாமல் பல தேசத்தவரும் கலந்திருக்கும்படி குழுக்கள் அமைகின்றன. காய்கறி பயிரிடலாம், கால்நடை வளர்க்கலாம், விளைபொருளிலிருந்து உணவுப் பண்டம் செய்யலாம். ஆனால் நினைத்த மாத்திரத்தில் பணம் கிடைத்துவிடாது. யார் வாங்குவார்கள், என்ன விலை கொடுப்பார்கள், செலவு எவ்வளவு, மண்ணுக்கும் நீருக்கும் கெடுதல் உண்டா, சுற்றியுள்ள ஜனங்களுக்கு என்ன பயன் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து எழுதித் தர வேண்டும். கலாசாலை அந்தத் திட்டத்தைப் பரிசீலித்து ஒப்புக்கொண்டால் கடன் கொடுக்கிறது. கடனுக்கு வட்டி உண்டு. பிறகு மாணவர்கள் தொழிலை நடத்தி, சரக்கை விற்று, கடனை அடைத்து, கணக்கை முடித்துத் தொழிலை மூடுகிறார்கள். மூன்றாம் வருஷத்துக்குள் இந்தச் சக்கரம் ஒரு முறை முழுமையாகச் சுற்றிவிடுகிறது. இலாபம் மிஞ்சினால் அதை அவர்களே பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

இதனால் விளையும் அறிவு எத்தகையது என்பதை விளக்க, நாமே ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் நாணயத்திலேயே கணக்கிடலாம். ஒரு குழு 40,000 ரூபாய் கடன் வாங்கி 200 கோழிக் குஞ்சுகளை வளர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். குஞ்சுக்கு 8,000 ரூபாய், தீனிக்கு 28,000, மருந்துக்கும் கொட்டகைக்கும் 4,000. இரண்டு மாதத்துக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 800 ரூபாய். ஆக அடைக்க வேண்டியது 40,800. ஒவ்வொரு கோழியும் இரண்டு கிலோ நிறை. கிலோ 105 ரூபாய்க்கு விலை போகிறது. இருநூறும் பிழைத்தால் வரவு 42,000, இலாபம் 1,200.

விற்பனைக்கு முந்தின வாரம் நோய் கண்டு இருபது கோழிகள் மாண்டுவிட்டன என்று கொள்வோம். அவை தின்ற தீனி தின்றதுதான். அதன் செலவு குறையாது. மிஞ்சிய 180 கோழிகளுக்கு வரவு 37,800. இப்போது இலாபம் போய் 3,000 ரூபாய் நஷ்டம் நிற்கிறது. நூற்றுக்குப் பத்துக் கோழி செத்ததற்கு நூற்றுக்குப் பத்து இலாபம் குறையும் என்று எண்ணியிருந்த மாணவன் அன்று திடுக்கிடுவான். அவன் இலாபமெல்லாம் அந்தக் கடைசிச் சில கோழிகளில்தான் இருந்தது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். இதையே கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அவன் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவான். தானே கொட்டகையில் இரவு விழித்து, காலையில் செத்த கோழிகளை எண்ணியவன் ஆயுள் உள்ளவரையில் மறக்கமாட்டான்.

கணக்கைத் தவிர இன்னொரு படிப்பும் இதில் உண்டு. கூட்டாளிகளில் ஒருவன் தன் முறை வந்தபோது வராமலிருப்பான். ஒருவன் விலையை உயர்த்தச் சொல்வான். ஒருவன் தாழ்த்தச் சொல்வான். பரீட்சையில் பக்கத்து மாணவனின் சோம்பல் நம்மைப் பாதிக்காது. கூட்டு வியாபாரத்தில் அது எல்லோர் பையிலிருந்தும் பணத்தை எடுக்கும். ஹோண்டுராஸ் தேசத்தவனும் உகாண்டா தேசத்தவனும் ஒரு கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்து சச்சரவைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்போது, ஒத்துழைப்பைப் பற்றிப் பிரசங்கம் தேவையில்லை.

உபாத்தியாயரின் வேலை

மாணவர்களைச் சந்தையில் தள்ளிவிட்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெறும் அநுபவம் தானாக அறிவாகிவிடாது. இருபது வருஷம் கடை வைத்தும் தன் நஷ்டத்துக்குக் காரணம் கிரக தோஷம் என்றே எண்ணியிருப்பவர்கள் உண்டு. அநுபவத்தைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். "இந்த விலையை எதை வைத்து நிர்ணயித்தீர்கள்? வாங்குபவர் ஒருவரே என்றால் அவர் மறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? போன மாதம் பெட்டியில் பணம் இருந்தது, கணக்கில் நஷ்டம் என்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?" இவ்வாறு கேட்பதும், விடையைத் தாமே சொல்லிவிடாமல் பொறுத்திருப்பதுமே இங்கே ஆசிரியரின் வேலை. பிரசங்கம் செய்வதைவிட இது கடினமானது.

மூன்றாம் வருஷத்தின் முடிவில் மாணவர்கள் பல வாரங்கள் வெளியே சென்று கம்பெனிகளிலும், பண்ணைகளிலும், பொதுநல ஸ்தாபனங்களிலும் வேலை பார்க்கிறார்கள். தங்கள் சிறு தொழிலில் பட்ட பாட்டை வைத்து, பெரிய தொழில்களைப் பார்க்கும் கண் அவர்களுக்கு அதற்குள் திறந்திருக்கும்.

கலாசாலையே ஒரு வியாபாரி

பிறரை வியாபாரம் செய்யச் சொல்லும் இந்தச் சர்வகலாசாலை தானும் வாழைப்பழம் விற்கிறது. அதன் தோட்டத்துப் பழம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஹோல் புட்ஸ் என்னும் கடைகளில் கலாசாலையின் பெயரைத் தாங்கியே விற்பனையாகியிருக்கிறது. அந்தப் பிராந்தியத்தில் பூச்சி மருந்து தோய்ந்த நீலப் பிளாஸ்டிக் உறைகளைக் குலைகளுக்குப் போர்த்தி, பிறகு அவற்றை வீசியெறிவது வழக்கமாயிருந்தது. அவை ஆறுகளில் மிதந்தன. அந்த உறைகளைச் சேகரித்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவரவும், குலையின் காம்புக் கழிவிலிருந்து காகிதம் செய்யவும், பழம் கழுவும் நீரைச் சுத்தம் செய்யவும் கலாசாலை வழி கண்டது. இவற்றால் மண்ணுக்கு நன்மை. விலை கொடுத்து வாங்குவோருக்கும் அந்தப் பழத்தின்மேல் மதிப்பு. வர்த்தகத்தில் தர்மமும் இலாபமும் ஒன்றையொன்று கொல்லவேண்டிய அவசியமில்லை என்பதை மாணவர்கள் தங்கள் கலாசாலையின் கணக்கிலேயே பார்க்க முடிகிறது.

ஒரு காலத்தில் வாழைப்பழத்தின் விலை என்னவென்று அறியாதிருந்த மாகாணத்திலிருந்து, பழத்துக்குத் தன் பெயரைச் சூட்டி அக்கரைக்கு அனுப்பும் நிலை வந்தது என்பதைத் தேசபக்தர்கள் கவனிக்க வேண்டும்.

மற்ற தேசங்களில்

இத்தகைய முயற்சி அங்கே மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி சர்வகலாசாலையில் 1906-ம் வருஷத்திலேயே ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 27 என்ஜினீயரிங் மாணவர்களைக்கொண்டு, வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் படிப்பைத் தொடங்கினார். மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் 1919-ம் வருஷத்தில் தோன்றிய பாப்ஸன் கலாசாலையில், 1990-களிலிருந்து முதல் வருஷ மாணவர்கள் கலாசாலைக் கடனில் கம்பெனி நடத்தி, கடனை அடைத்து, இலாபத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பின்லாந்தில் யிவாஸ்கிலா நகரில் 1993-ம் வருஷத்தில் யோஹான்னஸ் பார்ட்டனென் தொடங்கிய கலாசாலையில் மாணவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து உண்மையான வாடிக்கைக்காரருக்கு வேலை செய்து பணம் சம்பாதித்தே படிக்கிறார்கள்.

இலாபத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதில் இந்த ஸ்தாபனங்கள் வேறுபடுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இலாபத்தைத் தர்மத்துக்குக் கொடுக்கப் பழக்குவது தக்கதே. ஏழை விவசாயியின் பிள்ளைக்கு, நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த முதல் இலாபத்தைக் கையில் வாங்கும் அநுபவம் அதைவிட அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

இரண்டு ஆட்சேபங்கள்

சர்வகலாசாலையைச் சந்தைக்கடை ஆக்கலாமா என்பது ஓர் ஆட்சேபம். இது நமக்குப் புதிதன்று. 1937-ம் வருஷத்தில் மகாத்மா காந்தி வார்தாவில் கைத்தொழில் மூலம் கல்வி என்னும் திட்டத்தை முன்வைத்து, குழந்தைகள் செய்யும் பொருளின் வரும்படி உபாத்தியாயரின் சம்பளத்துக்கு உதவ வேண்டும் என்றபோதும் இதே கேள்வி எழுந்தது. அத்திட்டத்தை வகுத்த ஜாகிர் ஹுஸேன் கமிட்டியே, வரும்படியில் கண் வைத்துக் கல்வியைப் பலியிடும் அபாயம் உண்டென்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். கலாசாலை தன் செலவுக்காக மாணவர்களின் தொழிலை நம்பத் தொடங்கினால், நஷ்டப்பட்டுக் கற்க அவர்களுக்குச் சுதந்திரம் இராது. எர்த் சர்வகலாசாலையின் ஏற்பாட்டில் இலாபம் மாணவர்களுக்கே போகிறது. அவர்கள் குழந்தைகளல்லர், வயது வந்தவர்கள். ஆகவே அந்த அபாயம் குறைவு.

மற்றோர் ஆட்சேபத்துக்கு வலிமை அதிகம். சில நூறு மாணவர்களுக்கு மூவாயிரம் ஹெக்டேரும் வெளிநாட்டு நன்கொடையும் வாய்த்த இடத்தில் நடப்பது, ஆயிரக்கணக்கானோர் ஒரே கட்டிடத்தில் நெருங்கிப் படிக்கும் இடத்தில் நடக்குமா? மேலும், கலாசாலை தரும் கடன் எவ்வளவு கண்டிப்பானதாயினும், வீட்டை அடகு வைத்து வாங்கிய கடனாகாது. உண்மைதான். இந்தப் படிப்பு வியாபாரத்தின் முழுக் கொடுமையையும் காட்டிவிடாது. நீந்தப் பழகுபவனுக்கு முதலில் ஆழம் குறைந்த குளம் வேண்டும்; ஆனால் அதில் தண்ணீர் இருக்க வேண்டும். நமது வர்த்தக வகுப்புக்கள் பலவற்றில் குளத்தின் படமே இருக்கிறது என்பதுதான் குறை.

நமக்கு வேண்டியது

வாழைத் தோட்டத் தொழிலாளர் கண்ட துன்பத்தை நம் தேசத்தில் குஜராத்தின் கெய்ரா ஜில்லாப் பாற்காரர்களும் கண்டார்கள். பாலைக் கறந்தவர்கள் அவர்கள். பம்பாயில் அதன் விலையை அறிந்தவர்கள் வேறு. 1946-ம் வருஷத்தில் அவர்கள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, பாலை வியாபாரியிடம் ஒப்புவிக்காமல் தாங்களே பக்குவப்படுத்தி விற்கத் துணிந்தார்கள். அந்த இயக்கத்தை வளர்த்த வர்கீஸ் குரியன், கிராமத்துக்கு உழைக்கும் நிர்வாகிகளைத் தயாரிக்க 1979-ம் வருஷத்தில் ஆனந்த் நகரில் ஒரு கலாசாலையை நிறுவினார். அதன் மாணவர்கள் கிராமங்களில் தங்கி வாழ்ந்து பார்ப்பது படிப்பின் அங்கமாக வைக்கப்பட்டது. ஆகவே வித்து நம்மிடமும் இருக்கிறது.

பெரிய நிலமும் பெரிய நன்கொடையும் இல்லாத கலாசாலைகளும் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு கடன் நிதியை ஏற்படுத்தலாம்; பத்துக் குழுக்களுக்குக் கொடுத்து வாங்கப் போதுமான தொகை இருந்தால் போதும். கலாசாலைக்குள்ளிருக்கும் சிற்றுண்டிச் சாலையையும் புத்தகக் கடையையும் குத்தகைக்கு விடாமல், தணிக்கைக்கு உட்பட்டு மாணவர் சங்கமே நடத்தும்படி விடலாம். ஒரு பரீட்சைத் தாளுக்குப் பதிலாக, அந்த மாணவர்கள் நடத்திய தொழிலின் உண்மையான பேரேட்டையும், இலாப நஷ்டத்துக்கு அவர்கள் எழுதிய காரணத்தையும் மதிப்பிடலாம். நஷ்டப்பட்டவனுக்கு, அதன் காரணத்தை ஒளிக்காமல் சரியாகக் கண்டு எழுதினால், முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இலாபம் ஒன்றையே மதிப்பிட்டால் மாணவர்கள் கணக்கைத் திருத்தக் கற்றுக்கொள்வார்கள். அது வேறு வகை வியாபாரம்.

இதற்கு வேண்டிய பணம் அதிகமில்லை. வேண்டியது தைரியம். மாணவன் பணத்தை இழந்துவிடுவானோ என்று அஞ்சும் நிர்வாகிகள் ஒன்றை யோசிக்க வேண்டும். இருபது வயதில் கலாசாலைக்குள் மூவாயிரம் ரூபாயை இழந்து பாடம் கற்பது நல்லதா, நாற்பது வயதில் குடும்பத்தின் சொத்தை இழந்து கற்பது நல்லதா? பிள்ளைகளை வர்த்தக வகுப்பில் சேர்க்கும் பெற்றோர்களும், கலாசாலை நிர்வாக சபைகளில் இடம் பெற்றிருக்கும் பொதுஜன ஊழியர்களும் இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்திலேயே எழுப்புவார்களாக.